பொட்டிக்குள்ள என்னதான் இருக்கு?

"சிபியு போயிடுச்சுப்பா, வந்து பாக்கறியா?"ன்னு சொந்தக்காரங்க யாராவது போன் பண்ணினா, நான் முதல்ல கேக்கறது, "எதைச் சிபியுன்னு சொல்றீங்க?" என்பதுதான். அநேகமா எல்லாருமே மேஜைக்கு அடியில இருக்கற மொத்தப் பொட்டியையும்தான் சொல்வாங்க. அந்தப் பொட்டிக்குக் கேபினெட்னு பேரு. நிஜமான சிபியு அதுக்குள்ள, ஒரு ஃபேனுக்கு அடியில, தீப்பெட்டி அளவு கூட இல்லாம உக்காந்திருக்கற சதுரமான சில்லு. ரிப்பேராகற சாமான்கள்லயே ரொம்ப அபூர்வமா ரிப்பேராகறதும் அதுதான்.

இதுல என்னப்பா பெரிய வித்தியாசம், எப்படிச் சொன்னா என்ன, அப்படின்னு நீங்க கேக்கலாம். பேச்சுவழக்குல சொன்னா ஒண்ணும் குடி முழுகிப் போகாது. ஆனா கடையில பில் போடற நேரத்துல வார்த்தை மாறினா தொகையும் மாறும். மளிகைக் கடையில துவரம்பருப்புக்கும் கடலைப்பருப்புக்கும் வித்தியாசம் தெரியாம யாரும் காசு குடுக்கறதில்லை. முப்பதாயிரம், நாப்பதாயிரம் குடுத்து வாங்கற கம்ப்யூட்டர்ல மட்டும் "நீங்களே பாத்து ஏதாவது போட்டுக் குடுங்க தம்பி"ன்னு சொல்லிட்டு வந்துடறோம்.

(டிஸ்கி: காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பொட்டி தட்டற மக்களுக்கு இதுல புதுசா ஒண்ணும் கிடையாது. அப்படியே ஜம்ப் ஆகிக்கலாம். ஆனா உங்க அம்மாவுக்கோ மாமாவுக்கோ படிச்சுக் காட்டலாம் :-) )

இதை எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருக்கேன். காரணம் எங்க சித்தி. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சின்ன ஊர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்காங்க. ஜெராக்ஸ்னு பேருதானே தவிர, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், வில்லங்கச் சான்று, கரண்ட் பில், காலேஜ் அப்ளிகேஷன், மனு டைப் அடிக்கறது எல்லாமே அங்கதான். சித்தப்பா ஆரம்பிச்ச கடை. 2021-ல அவர் போனதுக்கப்புறம் சித்தி எடுத்து நடத்தறாங்க. மௌஸைப் பிடிக்கவே பயந்தவங்க, ரெண்டே மாசத்துல தமிழ் டைப்பிங் பழகிட்டாங்க.

2023-ல ஒருநாள் போன். "எய்யா, கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா போவுது. ஆன் பண்ணிட்டு ஒரு காப்பியைக் குடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு. சர்வீஸ் பண்ணுத தம்பி வந்து பாத்தான். சிபியு பழசாயிட்டு, புதுசுதான் போடணும், முப்பத்தாறாயிரம் ஆவும்ங்கான். பழசை அவனே ரெண்டாயிரத்துக்கு எடுத்துக்கிடுதானாம். குழுவுல லோன் கேட்டிருக்கேன்."

அந்தக் கடையில ஒரு நாளைக்கு என்ன கிடைக்கும்னு எனக்குத் தெரியும். முப்பத்தாறாயிரம்ங்கறது அவங்களுக்குப் பல மாசத்து மிச்சம். சரி, அதையாவது சமாளிச்சுக்கலாம். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது அடுத்த விஷயம்தான். "சித்தி, பழைய பொட்டியைக் குடுத்துட்டா அதுல இருக்கற சித்தப்பா போட்டோ எல்லாம் என்ன ஆகும்?"னு கேட்டேன்.

"அதெல்லாம் மானிட்டர்லதான இருக்கு? மானிட்டர் நம்ம கிட்டதான் இருக்கும். அவன் சிபியுவைத்தான் தூக்கிட்டுப் போறான்"னாங்க, நிம்மதியா.

ரெண்டு நிமிஷம் எனக்குப் பேச்சே வரலை. யோசிச்சுப் பாத்தா அவங்க சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. தினமும் போட்டோவை அவங்க பாக்கறது அந்தக் கண்ணாடியிலதானே? அதுக்கு டெஸ்க்டாப்னு வேற பேரு. எல்லாத்தையும் டெஸ்க்டாப்லதான் சேமிச்சு வச்சிருக்காங்க. அப்போ அது மானிட்டர்லதான் இருக்கணும்!

"சித்தி, டிவியில படம் ஓடுது. படம் டிவிக்குள்ளயா இருக்கு? கேபிள்காரன்கிட்டேர்ந்துதானே வருது? மானிட்டர் வெறும் டிவி. எல்லாம் இருக்கறது அந்தப் பொட்டியிலதான்"னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவா, "அப்போ நாளைக்கு அவன் வந்தா குடுக்காண்டாம் என்னா"ன்னாங்க.

மறுநாள் குடுத்திருந்தா என்னென்ன போயிருக்கும்? சித்தப்பாவோட போட்டோக்கள், கோயில் கொடை வீடியோக்கள். அது ஒரு பக்கம். அதைவிட, அவர் வருஷக்கணக்கா டைப் பண்ணி வச்சிருந்த மனு மாதிரிகள். முதியோர் உதவித்தொகைக்கு ஒண்ணு, பட்டா மாறுதலுக்கு ஒண்ணு, மின் இணைப்புப் பேர் மாத்தறதுக்கு ஒண்ணுன்னு இருநூறுக்குப் பக்கம் இருக்கும். பேரையும் சர்வே நம்பரையும் மாத்தினா மனு ரெடி. கடையோட முதலே அதுதான்.

அந்த சர்வீஸ் தம்பியை நான் திட்ட மாட்டேன். பழசைப் பிரிச்சுப் பாக்கறதைவிடப் புதுசை விக்கறது அவருக்குச் சுலபம், லாபமும் கூட. பொட்டியில என்ன இருக்குன்னு சொல்ல வேண்டியது நாமதான். சொல்லணும்னா, நமக்கு வார்த்தை தெரியணும். அதனால அந்த வாரக் கடைசியில நான் ஊருக்குப் போனப்போ, சித்தியை வச்சுக்கிட்டே பொட்டியைத் திறந்தேன். அவங்களுக்கு என்ன சொன்னேனோ அதையேதான் இங்க எழுதறேன்.

சித்தி, மேஜை, பீரோ

கடையில வேலை செய்யற ஆள் சித்தி. அவங்கதான் பிராசசர், அதாவது சிபியு. தமிழ்ல செயலின்னு எழுதறாங்க. கூட்டறது, கழிக்கறது, ஒப்பிட்டுப் பாக்கறது எல்லாம் அங்கதான் நடக்குது. 3.7 கிகாஹெர்ட்ஸ்னு போட்டிருந்தா, விநாடிக்கு 370 கோடி தடவை அது துடிக்குதுன்னு அர்த்தம். டூயல் கோர், குவாட் கோர்னா கடையில ரெண்டு ஆள், நாலு ஆள். ரெண்டு ஆள் இருந்தா ஒரே மனுவை ரெண்டு மடங்கு வேகமா அடிக்க முடியாது. ஆனா ஒருத்தர் மனு அடிக்க இன்னொருத்தர் ஜெராக்ஸ் எடுக்கலாம். கோர் விஷயமும் பெரும்பாலும் அப்படித்தான்.

சித்திக்கு முன்னாடி இருக்கற மேஜை, ரேம். இப்போ கையில இருக்கற வேலைக்கான பேப்பரெல்லாம் அங்கதான் விரிச்சு வச்சிருப்பாங்க. கை நீட்டினா எடுத்துடலாம். ஆனா ராத்திரி கடை சாத்தும்போது மேஜை காலி. கரண்ட் போனா ரேம்ல இருக்கறது எல்லாம் போயிடும். சேவ் பண்ணாத கடுதாசி கரண்ட் கட்டானதும் காணாம போறது இதனாலதான்.

பின்னாடி இருக்கற பீரோ, ஹார்ட் டிஸ்க். கடை சாத்தினாலும், கரண்ட் போனாலும், வச்சது வச்ச இடத்துல இருக்கும். சித்தப்பா போட்டோ இருக்கறது இங்கதான்.

"மெமரி எவ்வளவு?"ன்னு கடையில கேட்டா குழப்பம் வர்றதுக்குக் காரணம், இந்த மேஜை, பீரோ ரெண்டையுமே ஜிபி கணக்குலதான் சொல்றாங்க. போன் விளம்பரத்துல "8 ஜிபி, 128 ஜிபி"ன்னு ரெண்டு நம்பர் போடுவாங்களே, முன்னது மேஜை, பின்னது பீரோ. மேஜை எப்பவும் பீரோவைவிடச் சின்னதா, ஜிபிக்கு ஜிபி விலை அதிகமா இருக்கும்.

இப்போ மெதுவா போறதுக்கு வருவோம். சித்தியோட பொட்டி 2016-ல வாங்கினது. ஆறாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-ம், பிரௌசர்ல ஏழெட்டு ஜன்னலும் திறந்தா அந்த 4 ஜிபி மேஜை நிரம்பிடும். நிரம்பினா என்ன பண்ணும்? மேஜையில இருக்கறதுல கொஞ்சத்தை எடுத்துப் பீரோவுல வச்சுட்டு, வேணுங்கறப்போ திரும்ப எடுத்துட்டு வரும். ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போயிட்டு வரணும். வேலை செய்யற நேரத்தைவிட நடக்கற நேரம் அதிகமாயிடும். அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கே, அது பாதி நேரம் இந்த நடைதான்.

சரி, நடை ஏன் இவ்வளவு மெதுவு? ஹார்ட் டிஸ்க்குக்குள்ள நிஜமாவே தட்டு இருக்கு (வன்தட்டுன்னு தமிழ்ல பேர் வச்சது அழகா பொருந்துது). அந்தத் தட்டு நிமிஷத்துக்கு 7200 தடவை சுத்தும். கேக்க வேகமாத்தான் இருக்கு. கணக்குப் போட்டா ஒரு சுத்துக்கு எட்டு மில்லி விநாடிக்கு மேல ஆகுது. அந்த ஒரு சுத்துக்குள்ள சித்தியோட செயலி 3 கோடி தடவை துடிச்சிருக்கும். அதாவது, கோடிக்கணக்குல வேலை பண்ணக்கூடிய ஆளு, ஒரு தட்டு சுத்தி வர்றதுக்காகக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. ஆளை மாத்தி என்ன பிரயோஜனம்? பீரோவை மாத்தணும்!

அந்தப் புது பீரோ பேருதான் எஸ்எஸ்டி. உள்ள தட்டும் கிடையாது, முள்ளும் கிடையாது. பென் டிரைவ்ல இருக்கற மாதிரி ஃபிளாஷ் சில்லுகள்தான். எதுவும் சுத்தி வர்றதுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு விஷயத்தைத் தேடி எடுக்கறதுல ஹார்ட் டிஸ்க்கைவிட நூறு மடங்குக்குக் குறையாம வேகம்.

சித்தி பொட்டிக்கு என்ன செலவாச்சுன்னா, 240 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு, இன்னொரு 4 ஜிபி ரேம் ஒண்ணு. ரெண்டும் சேர்த்து மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சது. முதல்ல பழைய டிஸ்க்ல இருந்த அத்தனையையும் வெளி டிஸ்க் ஒண்ணுல காப்பி எடுத்துக்கிட்டேன். நாலு நிமிஷம் ஆன் ஆன பொட்டி, அரை நிமிஷத்துக்குள்ள எந்திரிச்சு உக்காந்துச்சு. சித்தி மறுபடியும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தாங்க. மூணு தடவை! குழு லோனை வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

ஃபார்மட்னா சுத்தம் பண்றது இல்லை

"வைரஸ் ஏறியிருக்கு, ஒரு ஃபார்மட் அடிச்சிரலாம்"னு கடையில சொல்றதைக் கேட்டிருப்பீங்க. கேக்க வெள்ளையடிக்கற மாதிரி இருக்கும். உண்மையில குவிக் ஃபார்மட்னா, பீரோவுல எது எங்க இருக்குன்னு சொல்ற பட்டியலைத் தூக்கிப் போடறது. ஃபுல் ஃபார்மட்னா, விண்டோஸ் விஸ்டா காலத்துலேர்ந்து, முழுசையும் பூஜ்யத்தால நிரப்பி அழிச்சுடறது. பழைய ஹார்ட் டிஸ்க்ல குவிக் ஃபார்மட் ஆனதைச் சில சமயம் மீட்டுடலாம். எஸ்எஸ்டியில அழிச்ச இடத்தை அதுவே காலி பண்ணிடும்கறதால மீட்கறது ரொம்பக் கஷ்டம்.

ஃபார்மட் பண்றவர், "டி டிரைவ்ல இருக்கறது போகாது சார்"னு சொல்வார். பொய் இல்லை. ஆனா நீங்க டெஸ்க்டாப்லயும், மை டாகுமெண்ட்ஸ்லயும் சேமிச்சதெல்லாம் வழக்கமா சி டிரைவ்ல இருக்கும். அது போயிடும். நம்ம ஆளுங்க டெஸ்க்டாப்பைத் தவிர வேற எங்கயும் சேமிக்க மாட்டாங்கறது உலகறிஞ்ச விஷயம். ஆகவே, பொட்டியை வெளிய குடுக்கறதுக்கு முன்னாடி டெஸ்க்டாப்ல இருக்கறதை வேற எங்கயாவது காப்பி எடுங்க. அந்தக் காப்பியும் அதே டிஸ்க்கோட டி டிரைவ்ல இருந்தா காப்பி கிடையாது. பீரோ திருடு போனா மேல்தட்டும் போகும், கீழ்தட்டும் போகும்.

இன்னொண்ணு. ஹார்ட் டிஸ்க் சாகறதுக்கு முன்னாடி "டிக்... டிக்..."னு சத்தம் போட்டு நமக்குச் சொல்லும், பல சமயம். எஸ்எஸ்டி பொதுவா சொல்லாமக் கொள்ளாமப் போயிடும். வேகமான பீரோன்னு காப்பி எடுக்கறதை விட்டுடாதீங்க.

ஐ3, ஐ5, ஐ7: பேரை மட்டும் பாத்தா போதாது

எங்க தெருவுல ஆட்டோ ஓட்டற அண்ணன் பொண்ணு காலேஜ் சேர்ந்தப்போ, "ஐ5 லேப்டாப் பதினெட்டாயிரத்துக்கு வருது, வாங்கிடட்டுமா?"ன்னு கேட்டார். ஐ3-ஐவிட ஐ5 உசத்தி, அதைவிட ஐ7 உசத்தின்னு அவர் கேள்விப்பட்டிருக்கார். ஒரே வருஷத்து மாடல்ல, ஒரே வகையில, அது சரிதான். ஆனா வருஷம் வேறன்னா கதையே வேற.

அந்த லேப்டாப்புல ஒட்டியிருந்த முழுப்பேரு ஐ5-7200யு. கோடுக்கு அப்புறம் வர்ற முதல் எண், 7, தலைமுறையைச் சொல்லுது. 2016-ல வந்தது, ரெண்டே கோர். 2022-ல வந்த பன்னிரண்டாம் தலைமுறை ஐ3-1215யு-வுல ஆறு கோர். அந்த ஐ3 முன்னாடி இந்த ஐ5 நிக்கவே முடியாது. கடைசியில இருக்கற எழுத்தும் முக்கியம். யு-ன்னா கரண்ட்டைச் சிக்கனமா செலவழிக்கற வகை, ஹெச்-னா சூடானாலும் பரவாயில்லைன்னு வேகமா ஓடற வகை. 2023 கடைசியில இன்டெல் அந்த "ஐ"யையே எடுத்துட்டு கோர் அல்ட்ராங்கற பேருல புது மாடல்களை இறக்கினாங்க. ஆகவே பேரை நம்பாம, மாடல் நம்பரை முழுசா எழுதி வாங்கிக்கிட்டு வந்து, அது எந்த வருஷம் வந்ததுன்னு தேடிப் பாருங்க. ஒரு நிமிஷ வேலை.

அண்ணன் அதை வாங்கலை. இன்னும் கொஞ்சம் காசு சேத்து, கொஞ்சம் புது தலைமுறை ஐ3 வாங்கினார். அதுலயும் ஒரு கேள்வி கேக்கச் சொன்னேன்: "ரேம் பின்னாடி கூட்ட முடியுமா, இல்லை போர்டோட ஒட்டியிருக்கா?" இப்போ வர்ற மெல்லிசான லேப்டாப்புகள் பலதுல ரேமை மதர்போர்டோட பற்றவைச்சுடறாங்க. வாங்கின அன்னைக்கு என்னவோ அதுதான் கடைசி வரைக்கும்.

ரேம் தனியா வாங்கறவங்களுக்கு: டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூணும் ஒண்ணுக்கொண்ணு சேராது. நடுவுல இருக்கற வெட்டு ஒவ்வொண்ணுலயும் வேற இடத்துல இருக்கும், அமுக்கி உடைச்சுடாதீங்க. லேப்டாப் ரேமும் டெஸ்க்டாப் ரேமும் அளவுலயே வேற வேற.

கிராபிக்ஸ் கார்டு பத்தி ஒரே வரி: கேம் ஆடறவங்க, வீடியோ எடிட் பண்றவங்க, ஆட்டோகேட் மாதிரி மென்பொருள் ஓட்டறவங்க தவிர மத்தவங்களுக்குச் செயலியோடவே வர்ற கிராபிக்ஸ் தாராளமா போதும்.

வடிவம் வேற, வேகம் வேற

இதுல படிச்சவங்களும் ஏமாறுவாங்க. "சி டைப் கேபிள், அதனால வேகமா காப்பி ஆகும்"னு நினைக்கறோம். சி டைப்ங்கறது முனையோட வடிவம் மட்டும்தான். அந்த முனைக்குப் பின்னாடி பழைய யூஎஸ்பி 2.0-வும் இருக்கலாம், அதைவிடப் பல மடங்கு வேகமானதும் இருக்கலாம். எஸ்எஸ்டியிலயும் இதே கதை. எம்.2-ங்கறது சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கற அந்த வடிவத்தோட பேரு. அதுக்குள்ள சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. சாட்டா விநாடிக்கு ஏறக்குறைய 550 எம்பி வரை போகும். என்விஎம்இ அதைவிடப் பல மடங்கு. உங்க போர்டு எதை ஏத்துக்கும்னு தெரியாம வாங்கினா, ஓட்டையில சரியா உக்காரும், வேலை மட்டும் செய்யாது.

கூடவே இந்தப் பிட், பைட் சமாச்சாரம். எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட். பிராட்பேண்ட் கம்பெனிகள் வேகத்தைப் பிட்ல சொல்வாங்க. கம்ப்யூட்டர் ஃபைலைப் பைட்ல காட்டும். 100 எம்பிபிஎஸ் கனெக்‌ஷன்ல விநாடிக்கு 12.5 எம்பிதான் இறங்கும். யாரும் ஏமாத்தலை, எட்டால வகுத்துக்கணும், அவ்வளவுதான். அதே மாதிரி 1 டிபி டிஸ்க் வாங்கினா விண்டோஸ் 931 ஜிபின்னு காட்டும். தயாரிக்கறவங்க ஆயிரம் ஆயிரமா பெருக்கறாங்க, விண்டோஸ் 1024-ஆல வகுக்குது. இதுக்காகக் கடைக்காரரோட சண்டை போட்டவரை எனக்குத் தெரியும். மீதி 69 ஜிபியை யாரும் எடுத்து ஒளிச்சு வைக்கலைங்க :-)

ரெண்டு சின்னச் சாமான்கள்

மதர்போர்டுல (தாய்ப்பலகை!) எட்டணாக் காசு மாதிரி ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். பேரு சிஆர்2032, மூணு வோல்ட். கரண்ட் இல்லாதப்போ தேதியையும் மணியையும் ஞாபகம் வச்சுக்கறதுக்கு அது. சில வருஷத்துல தீர்ந்துடும். தீர்ந்தா கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் பழைய வருஷத்துக்குப் போயிடும். இதுல என்ன பிரச்சினைன்னா, பாங்க் சைட்டோ அரசு சைட்டோ திறந்தா, "இந்த இணைப்பு பாதுகாப்பானது இல்லை"ன்னு பயமுறுத்தும். ஏன்னா, ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, அது எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு கணக்கு இருக்கு. உங்க பொட்டி இன்னும் பல வருஷம் பின்னாடி இருந்தா, அந்தச் சான்றிதழ் இன்னும் பொறக்கவே இல்லை! வைரஸ், நெட் பிராப்ளம், போர்டு போச்சுன்னு எதுக்கும் செலவழிக்கறதுக்கு முன்னாடி, கீழ வலது மூலையில தேதியைப் பாருங்க. பெட்டிக்கடையிலயே கிடைக்கற பேட்டரி அது.

இன்னொண்ணு எஸ்எம்பிஎஸ். பின்பக்கம் ஃபேனோட இருக்கற இரும்பு டப்பா. வீட்டுக்கு வர்ற 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டா மாத்திக் குடுக்கறது அதுதான். "ஆனே ஆகலை, லைட்டும் வரலை, ஃபேனும் சுத்தலை"ன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது பவர் கேபிளை, அடுத்தது இதை. செயலியையோ போர்டையோ கடைசியா சந்தேகப்படலாம். இதை மட்டும் வீட்டுல திறந்து பாக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கினதுக்கு அப்புறமும் உள்ள மின்சாரம் தங்கியிருக்கும்.

எப்போ புதுசு வாங்கணும்?

பழசையே எந்நாளும் ஒட்டிக்கிட்டு இருக்கணும்னு நான் சொல்லலை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமா குடுத்துக்கிட்டு இருந்த ஆதரவை 2025 அக்டோபர் 14-ஓட நிறுத்திட்டாங்க. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதி வேணும். இன்டெல்ல பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலேர்ந்து வந்த செயலிகளைத்தான் ஏத்துக்கும். சித்தியோட ஆறாம் தலைமுறை அந்தப் பட்டியல்ல கிடையாது. நாள் முழுக்க அடுத்தவங்க ஆதார் நம்பரும் பாங்க் விவரமும் அடிக்கற பொட்டி, பாதுகாப்பு அப்டேட் இல்லாம ஓடக்கூடாது. வீட்டுல சும்மா படம் பாக்கவும் டைப் அடிக்கவும்தான்னா லினக்ஸ் போட்டு இன்னும் சில வருஷம் ஓட்டலாம். கடைக்கு அது சரிப்படாது.

ஆக, மூவாயிரம் ரூபாய் வைத்தியத்துல அந்தப் பொட்டி ரெண்டு வருஷத்துக்கு மேல உழைச்சிருக்கு. அதுக்குள்ள சித்தி லோன் இல்லாமலே காசு சேத்துட்டாங்க. இந்தத் தடவை எனக்குப் போன் பண்ணினது வாங்கி முடிச்சதுக்கு அப்புறம். "பன்னெண்டாம் தலைமுறையாம்யா. எட்டு ஜிபி ஒரே பட்டையா போட்டுத் தாங்கன்னு சொல்லிட்டேன், இன்னொரு சிலாட்டு காலியா இருக்கட்டும். நம்ம மானிட்டர்ல பழைய நீல முனைதான இருக்கு, அந்த ஓட்டை புதுசுல இருக்கான்னு கேட்டு வாங்கினேன். பழைய டிஸ்க்கைக் கழட்டி என் கையில குடுத்திட்டுத்தான் பொட்டியை எடுக்கணும்னு சொன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பாத்தாம் பாரு!"

நீல முனைங்கறது விஜிஏ. பேரு தெரியலைன்னாலும் கேள்வி தெரிஞ்சிருக்கு பாருங்க, அதுதான் வேணும். நானே சொல்ல நினைச்சு மறந்திருக்கக்கூடிய கேள்வி அது.

கடைக்குப் போறவங்க இந்த அஞ்சையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி எடுத்துட்டுப் போங்க:

1. செயலியோட முழு மாடல் நம்பர் என்ன? (ஐ5-ன்னு மட்டும் சொன்னா ஒத்துக்காதீங்க.)

2. ரேம் எவ்வளவு, டிடிஆர் எத்தனை, காலி சிலாட் இருக்கா?

3. உள்ள இருக்கறது ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா? எஸ்எஸ்டின்னா சாட்டாவா என்விஎம்இ-யா?

4. என்கிட்ட இருக்கற மானிட்டர், பிரிண்டர் கேபிள் எல்லாம் இதுல சேருமா?

5. ரிப்பேர்னா: எந்தச் சாமான் போச்சு? கழட்டின பழைய சாமானை என் கையில குடுப்பீங்களா?

ரேம் வாங்கப் போறவங்க மட்டும் நாலு கடையில விலை கேட்டுக்கோங்க. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சில்லு மொத்தமா போகப் போக, 2025 கடைசியில விலை தாறுமாறா ஏறிச்சு. 2023-ல நான் வாங்கின விலையைச் சொல்லி ரிச்சி தெருவுல போய்ப் பேரம் பேசினா, டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சிடுவாங்க.

அடுத்த தடவை பிரிண்டர் இங்க் பத்தி எழுதறேன். அது தனிக் கொடுமை.